முறிந்து பொருந்திய முழங்கால்

எலும்பு முறிந்தால் மீண்டும் பொருந்தும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுதலும், எண்ணெய் பூசுதலும், பச்சிலை அரைத்துப் பத்துப் போடுதலும் முறிவு நெறிவு வைத்தியர்களின் கைவந்த கலைகளாக இன்றும் நம் ஊர்களில் நிலவுகின்றன. கையெலும்போ காலெலும்போ நடுவில் முறிந்து நேராகப் பொருந்திவிட்டால், சில ஆண்டுகளின் பின் முறிந்த இடம் எதுவென்று உரியவருக்கே மறந்துபோதலும் உண்டு. ஆனால், முறிவு மூட்டினுள்ளே சென்றிருக்குமாயின் கதை அத்துடன் முடிவதில்லை. எலும்பு பொருந்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர், நடக்கும்போது நோவும், படியிறங்கும்போது தயக்கமும், இரவில் உளைவுமாக அந்தப் பழைய முறிவு மறுபடியும் தலைகாட்டுகிறது. இவ்வாறு முறிவின் வழியாக வரும் மூட்டுவாதத்தைப் பற்றியும், அதற்கென இன்று கையாளப்படும் பகுதி மாற்றுச் சத்திரசிகிச்சையைப் பற்றியும் இங்கு சில கூற விரும்புகிறேன்.

முதலில் முழங்காலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நம் உடலிலுள்ள மூட்டுக்களுள் மிகப் பெரியது முழங்கால். மேலே, தொடையெலும்பின் அடிப்பாகம் இரண்டு உருண்டைகளாகத் திரண்டு நிற்கிறது. கீழே, கணைக்கால் எலும்பின் தலைப்பாகம் மேசைபோல விரிந்து அவ்விரு உருண்டைகளையும் தாங்குகிறது. முன்னே, முழங்காற் சிரட்டை என நாம் வழங்கும் வட்டமான எலும்பு, தொடையெலும்பிலுள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழுமாக வழுக்கிச் செல்கிறது. ஆகவே, ஒரே மூட்டென நாம் எண்ணும் முழங்காலில் உட்புற அறை, வெளிப்புற அறை, சிரட்டையின் பின்னுள்ள அறை என மூன்று அறைகள் உள. மூன்றும் ஒரே உறையினுள் அடங்கியிருப்பினும், ஓர் அறை தேய்ந்துபோக மற்றவை நலமாயிருத்தல் கூடும். பகுதி மாற்றுச் சிகிச்சை முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கிறது.

எலும்பின்மேல் எலும்பு நேரே உராயாதவண்ணம், அதன் முனைகளைக் கசியிழையம் என்னும் வெண்மையான, வழுவழுப்பான படலம் போர்த்தியிருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையின் உட்புறத்தே இளம் வழுக்கை ஒட்டியிருப்பதை மனத்திற் கொண்டால் இதன் தோற்றம் ஒருவாறு விளங்கும். தடிப்பு ஒருசில மில்லிமீற்றரே. இப்படலத்துள் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. நாம் நடக்கும்போது அமுங்கியும் விரிந்தும், மூட்டினுள் ஊறும் பசைநீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகிறது. எலும்பு முறிந்தவிடத்தில் இரத்தம் கட்டி, அதிலிருந்து புதிய எலும்பு வளர்ந்து முறிவை இணைத்துவிடும். இரத்தமில்லாத கசியிழையத்துக்கு அந்தப் பேறு இல்லை. ஆழமாகக் காயப்பட்டவிடத்தில் தழும்பு போன்ற தாழ்ந்த தரமுடைய இழையமே வளரும். கசியிழையம் அழிந்தபின் மீள்வதில்லை என்பதை லண்டன் நகரத்து உடற்கூற்று ஆசிரியர் வில்லியம் ஹண்டர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அதன்பின் மருத்துவம் எவ்வளவோ முன்னேறியும் அக்கூற்று பெரும்பாலும் மெய்யாகவே இருந்துவருகிறது.

இனி, முறிவு எவ்வாறு நேர்கிறது என்பதைப் பார்ப்போம். வீதியிற் செல்லும் ஒருவரின் முழங்காலின் வெளிப்பக்கத்தில் காரின் பம்பர் மோதுகிறதென்று வைத்துக்கொள்வோம். அல்லது ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்கிறார். மரமேறும் ஒருவர் உயரத்திலிருந்து காலூன்றி விழுகிறார். அப்போது தொடையெலும்பின் உருண்டை, கீழேயுள்ள கணைக்கால் எலும்பின் மேசைமீது முளையடிப்பதுபோல அறைந்து, அதனைப் பிளக்கவோ உட்குழியச் செய்யவோ செய்கிறது. இவ்வகை முறிவு உட்புறத்தைவிட வெளிப்புறத்திலேயே மிகுதியாக நேர்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் குழிந்த பகுதியை உயர்த்தி, அதன்கீழ் எலும்புத் துண்டுகளை அடைத்து, தகடும் திருகாணியும் கொண்டு இறுக்குவார். இவை யாவும் செவ்வனே நடைபெற்றாலும் மூட்டுவாதம் வருதற்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. அறைந்த வேகத்திலேயே கசியிழையத்தின் உயிரணுக்கள் பல மடிந்துவிடுதல் ஒன்று. மேசையின் பரப்பிற் சிறு படிபோன்ற ஏற்றத்தாழ்வு எஞ்சி, அவ்விடத்தில் பாரம் குவிதல் மற்றொன்று. கால் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து பொருந்துதலாலும், அதிர்ச்சியைத் தாங்கும் பிறைவடிவக் கசியிழையம் கிழிந்துபோதலாலும் ஒரே அறையின்மேல் சுமை ஏறுதல் மூன்றாவது.

இதனாற் கேட்போர் அச்சங்கொள்ளத் தேவையில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், இத்தகைய முறிவுக்காகச் சத்திரசிகிச்சை பெற்ற 8,000க்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குள் செயற்கை முழங்கால் பொருத்த நேர்ந்தவர்கள் அவர்களுள் நூற்றுக்கு 7.3 பேர். முறிவு ஏற்படாத, அவர்களையொத்த பிறரிடையே அத்தொகை நூற்றுக்கு 1.8. ஆகவே, முறிவு ஆபத்தைப் பன்மடங்கு பெருக்குகிறதெனினும், முறிவுற்றோரிற் பெரும்பாலோர் அப்பத்தாண்டுகளையும் தம் சொந்த மூட்டுடனேயே கழித்தனர் என்பதும் இதனாற் பெறப்படுகிறது.

நோவு தொடங்கியவுடன் கத்தியை நாடுதல் முறையன்று. பேர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர், அளவிடு கருவி பொருத்திய செயற்கை முழங்கால்களைக் கொண்டு மூட்டின் மீது விழும் சுமையை நேரே அளந்தனர். சமநிலத்தில் நடக்கும்போது அது உடல் எடையின் இரண்டரை மடங்கு எனவும், படியிறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு எனவும் கண்டனர். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படியிறங்கும்போது அவரது முழங்கால் இருநூறு கிலோகிராமைத் தாங்குகிறது என்று பொருள். எனவே, உடலில் ஒரு கிலோகிராம் குறைந்தால் முழங்காலுக்கு இரண்டரை, மூன்று கிலோகிராம் குறைகிறது. தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடித்த ஊன்றுகோலும், வைத்தியர் அளவறிந்து தரும் நோவு மருந்தும் பலரைப் பல்லாண்டுகள் சத்திரசிகிச்சையின்றியே நடமாடவைக்கும். வயதிற் குறைந்தவராய், கால் சாய்ந்திருப்பதே நோவுக்கு முதற் காரணமாயின், எலும்பை வெட்டி நேராக்கிச் சுமையை நலமான பக்கத்துக்கு மாற்றும் சிகிச்சையும் உண்டு.

இவையெல்லாம் செய்தும் பயனின்றி, இரவில் துயில் கெட்டு, நாளாந்த வேலை தடைப்படும் நிலை வரும்போதே மூட்டு மாற்றுதல் பற்றிய பேச்சு எழவேண்டும். இம்முயற்சியின் வரலாறு நீண்டது. 1890இல் பேர்லினில் தெமிஸ்ரொக்கிளிஸ் குளூக் என்பவர் யானைத் தந்தத்தினாற் செய்த முழங்காலைப் பொருத்திப் பார்த்தார். காசநோயால் அழுகிய மூட்டுக்களில் அவை நிலைக்கவில்லை. 1950களில் கனடாவின் ரொறன்ரோ நகரில் மக்கின்ரொஷ் என்பவரும், அமெரிக்காவின் ஹூஸ்ரனில் மக்கீவர் என்பவரும், தேய்ந்த அறைக்குள் மட்டும் ஒரு தகட்டைச் செருகும் முறையைக் கையாண்டனர். மூட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான். 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சாண்லி, இடுப்பு மூட்டுக்கு உலோக உருண்டையையும் கடினமான பொலித்தீன் கிண்ணத்தையும் இணைத்து வெற்றி கண்டார். உலோகமும் பொலித்தீனும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் அந்த ஏற்பாடே பின்னர் முழங்காலுக்கும் வந்தது. 1969இல் ஹம்பேர்க்கிலும், 1972இல் அமெரிக்காவில் லெனாட் மாமர் என்பவராலும் ஓரறைக்குரிய செயற்கை மூட்டுக்கள் பொருத்தப்பட்டன. ஒக்ஸ்போர்ட் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் குட்பெலோவும் பொறியியலாளர் ஜோன் ஓகொனரும் கூடி, இயற்கையின் பிறைவடிவக் கசியிழையம்போல முன்னும் பின்னும் அசையும் பொலித்தீன் துண்டொன்றை அமைத்தனர். 1976இல் முழங்காலின் இரு பக்கங்களுக்கும் பொருத்தப்பட்ட அது, 1982 முதல் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருத்தப்படலாயிற்று.

பகுதி மாற்றுச் சிகிச்சையில் நடைபெறுவது யாது? தேய்ந்த அறையில், தொடையெலும்பின் உருண்டையிலிருந்தும் கணைக்கால் எலும்பின் மேசையிலிருந்தும் சில மில்லிமீற்றர் தடிப்பளவு சீவப்படுகிறது. மேலே வளைந்த உலோகக் கவசமும், கீழே தட்டையான உலோகத் தகடும், இரண்டுக்கும் இடையே பொலித்தீன் துண்டும் வைக்கப்படுகின்றன. உலோகம் பெரும்பாலும் கோபாற்றும் குரோமியமும் கலந்தது. நலமாயுள்ள மற்ற அறைகள் தொடப்படுவதில்லை. முழங்காலின் நடுவே குறுக்கிட்டு நின்று அதனை நிலைநிறுத்தும் இரண்டு பிணைநார்களும் அப்படியே காக்கப்படுகின்றன. முழு மூட்டையும் மாற்றும்போது முன்னுள்ள குறுக்குப் பிணைநார் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிடும். அது நிலைத்திருப்பதனாலேயே, பகுதி மாற்றம் பெற்றவரின் முழங்கால் இயற்கையான உணர்வுடன் அசைகிறது. சிரட்டை முறிந்து அதன் பின்னறை மட்டும் தேய்ந்தவருக்கு, அவ்வறையை மட்டும் மாற்றும் முறையும் உண்டு.

வெளிப்புற அறையில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நாம் முழங்காலை நன்கு மடக்கும்போது, தொடையெலும்பின் வெளிப்புற உருண்டை உட்புறத்தைவிட அதிகமாகப் பின்னோக்கி நகர்கிறது. ஆதலால், அசையும் பொலித்தீன் துண்டு அங்கே இடம்பெயர்ந்துவிடும் ஆபத்து மிகுதி. அதனாற் பல நிபுணர்கள் வெளிப்புறத்துக்கு அசையாத வகையையே விரும்புவர். முறிவின் பின்னான தேய்வு பெரும்பாலும் வெளிப்புறத்தில் நேர்வதால் இச்செய்தி நமக்கு முக்கியமாகிறது. ஓரறை மாற்றுச் சிகிச்சைகளில் மிகப் பெரும்பாலானவை உட்புறத்திலேயே செய்யப்படுகின்றன. வெளிப்புறத்திற் பழகிய கைகள் குறைவு.

முழு மாற்றமா, பகுதி மாற்றமா என்பதில் இருபுறமும் நியாயங்கள் உள. பிரித்தானியாவில் 27 வைத்தியசாலைகளில், உட்புறம் மட்டும் தேய்ந்த 528 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சி 2019இல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளின் பின் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரேயளவு நலம் பெற்றிருந்தனர். பகுதி மாற்றத்துக்குச் செலவு குறைவாயிருந்தது. அந்நாட்டுத் தேசியப் பதிவேட்டிலிருந்து 2014இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, பகுதி மாற்றத்தின் பின் மரணமும் பெருஞ் சிக்கல்களும் குறைவெனக் காட்டியது. ஆனால் மறுபடியும் சத்திரசிகிச்சை செய்து மூட்டை மாற்ற நேர்வது இரு மடங்குக்கு மேல் எனவும் அதே ஆராய்ச்சி காட்டியது. நீண்டகாலப் பதிவுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடொன்றின்படி, முழு மாற்று மூட்டுக்களுள் நூற்றுக்கு 82உம், பகுதி மாற்று மூட்டுக்களுள் நூற்றுக்கு 70உம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன.

இந்த வேறுபாட்டுக்கு இரு காரணங்கள் கூறலாம். மாற்றப்படாத அறைகள் காலப்போக்கில் தேய்தல் ஒன்று. பகுதி மாற்றத்தை முழு மாற்றமாக்குவது பெரும்பாலும் எளிதாகையால், நோவு சொன்ன மாத்திரத்தில் நிபுணர் அதற்கு இசைதல் மற்றொன்று. முழு மாற்றம் பெற்றவர் அதே நோவைச் சொன்னால், மறுசிகிச்சை பெரிதாகையாற் பொறுத்திருக்குமாறு கூறப்படுவார். எனவே, மறுசிகிச்சைக் கணக்கை மட்டும் கொண்டு ஒன்று தாழ்ந்தது, மற்றது உயர்ந்தது என்று முடிவுகட்டுதல் தகாது. மேலும், இக்கணக்குகள் பெரும்பாலும் வயதினால் வரும் தேய்வைப் பற்றியவை. முறிந்து பொருந்திய முழங்காலுக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் கூடாது.

முறிந்த முழங்காலிற் பகுதி மாற்றம் செய்வதற்குமுன் நிபுணர் ஆராயவேண்டியவை பல. முதலாவது, பழைய காயத்தில் கிருமி ஒளிந்திருக்கிறதா என்பது. தகடும் திருகாணியும் கிடந்த இடத்தில் ஆண்டுக்கணக்காக அடங்கியிருந்த கிருமிகள், புதிய மூட்டைக் கண்டதும் விழித்தெழக்கூடும். அதனால் இரத்தப் பரிசோதனையும், ஐயமிருப்பின் மூட்டிலிருந்து நீரெடுத்துச் சோதித்தலும் வேண்டப்படும். இரண்டாவது, அந்த உலோகத் துண்டுகள் புதிய மூட்டுக்கு வழிவிடுமா என்பது. சிலரில் அவற்றை முன்னரே வேறொரு சத்திரசிகிச்சையால் நீக்கிச் சில மாதங்கள் காத்திருக்க நேரும். மூன்றாவது, பிணைநார்கள் உறுதியாயுள்ளனவா என்பது. விபத்தின்போது எலும்புடன் அவையும் அறுந்திருத்தல் கூடும். நான்காவது, எலும்பு வளைந்து பொருந்தியிருக்கிறதா என்பது. வளைவு எலும்பின் தண்டிலேயே இருக்குமாயின், மூட்டினுள் மட்டும் செய்யும் மாற்றம் அதைத் திருத்தாது. ஐந்தாவது, மற்ற இரு அறைகளும் மெய்யாகவே நலமுடையனவா என்பது. இதனை அறிய, நின்ற நிலையிலும் பக்கமாக வளைத்த நிலையிலும் எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுப்பர். முழங்கால் முன்னரே விறைத்து, தொண்ணூறு பாகையளவேனும் மடியாதிருந்தால், பகுதி மாற்றத்தால் அது இளகுமென எதிர்பார்த்தல் வீண். உடலின் மூட்டுக்கள் பலவற்றையும் தாக்கும் முடக்குவாத நோயுள்ளவர்க்கும் இச்சிகிச்சை ஏற்றதன்று.

வயதைப் பற்றியும் கூறவேண்டும். 1989இல் கொசின், ஸ்கொட் என்னும் இரு அமெரிக்க நிபுணர்கள், அறுபது வயதுக்கு மேற்பட்ட, 82 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுடையவர்க்கே பகுதி மாற்றம் தகும் என வரையறுத்தனர். பின்வந்த ஆராய்ச்சிகள், வயதையும் எடையையும் மட்டும் கொண்டு ஒருவரை விலக்கத் தேவையில்லை எனக் காட்டின. ஆயினும், முறிவின் வழி வரும் மூட்டுவாதம் நாற்பது, ஐம்பது வயதில் உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் ஆண்களையும் பெண்களையுமே பெரிதும் தாக்குகிறது. இங்கேதான் இக்கட்டு எழுகிறது. பிரித்தானியாவில் 2017இல் வெளியான ஆராய்ச்சியொன்று, எழுபது வயதுக்குப்பின் மூட்டு மாற்றியவர்களுள் வாழ்நாளில் மறுசிகிச்சை தேவைப்படுவோர் நூற்றுக்கு ஐவரே எனவும், ஐம்பது வயதையடுத்து மாற்றிய ஆண்களுள் அத்தொகை நூற்றுக்கு 35 வரை செல்கிறது எனவும் கண்டது. இளவயதினர் தம் செயற்கை மூட்டைவிட நீண்டகாலம் வாழ்கின்றனர். அம்மூட்டைக்கொண்டு கடினமாக உழைக்கவும் செய்கின்றனர். அத்தகையவர்க்குப் பகுதி மாற்றம் ஒரு முதற்கட்டமாக அமையலாம். எலும்பைப் பெரிதும் காத்துவைப்பதால், பின்னொரு காலத்தில் முழு மாற்றத்துக்கு இடமிருக்கும். அந்த இரண்டாம் நாள் வரக்கூடும் என்பதை முதல் நாளிலேயே அறிந்து இசைதல் வேண்டும்.

சத்திரசிகிச்சையின் பின் நோயாளி அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கத் தூண்டப்படுவார். சில வாரங்கள் ஊன்றுகோல் வேண்டும். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை நோவுக்கு அஞ்சி விட்டுவிடுபவர், சத்திரசிகிச்சையின் பயனிற் பாதியை இழந்துவிடுவார். காலின் நாளங்களில் இரத்தம் உறைதலும், கிருமி தொற்றுதலும் அரிதாயினும் அஞ்சத்தக்கவை. ஆதலின், நீரிழிவு உள்ளவர் அதனை முன்னரே கட்டுப்படுத்தலும், புகைப்பவர் அப்பழக்கத்தை விடுதலும் இன்றியமையாதன. முழு நலம் வந்துசேர ஓராண்டளவும் ஆகலாம்.

நம்மவர் வாழ்க்கை முறை இங்கு தனிக் கவனம் பெறுகிறது. நிலத்திற் சப்பாணி கட்டியிருந்து உண்ணல், குந்தியிருந்து வேலை செய்தல், கோயிலில் வீழ்ந்து வணங்கல், தேவாலயத்தில் முழந்தாளிடல் ஆகியன நம் நாளாந்தச் செயல்கள். பகுதி மாற்றம் பெற்றவரிற் பலர் முழு மாற்றம் பெற்றவரைவிட நன்றாக முழங்காலை மடக்குவர். எனினும், நெடுநேரம் குந்தியிருத்தல் விரும்பத்தக்கதன்று. முழந்தாளிடும்போது தழும்பைச் சூழ்ந்த தோலில் மரத்த உணர்வும் நோவும் தோன்றலாம். வீட்டின் மலசலகூடத்தில் உயர்ந்த இருக்கை அமைத்தலையும், நெற்காணியிலும் தோட்டத்திலும் உழைப்பவர் தம் வேலையை எவ்வாறு மாற்றிக்கொள்வார் என்பதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே குடும்பத்தார் கூடிப் பேசிக்கொள்ளுதல் நன்று.

ஆகவே, இச்சிகிச்சை வேண்டுமென்றோ வேண்டாமென்றோ முடிவுசெய்யுமுன் நிபுணரிடம் சில வினாக்களைத் தயங்காது கேட்கலாம். என் முழங்காலின் எந்த அறை தேய்ந்திருக்கிறது? மற்றவை நலமென்று எதனாற் கண்டீர்கள்? பழைய காயத்திற் கிருமியில்லை என்பது உறுதியா? வெளிப்புற அறையாயின் இச்சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இது பயனற்றுப்போனால் அடுத்த வழி யாது? இவற்றுக்கு விளக்கமான விடை தரும் நிபுணர், கேட்பவரை மதிப்பவராவார். விடை பெற்றுத் துணிந்த நோயாளியும் பின்னர் வரும் நோவையும் பயிற்சியையும் பொறுமையுடன் ஏற்பார்.

இறுதியாக ஒன்று. இன்று ஒருவரின் முழங்கால் அடிபட்டு வீங்குமாயின், எண்ணெய் பூசி உருவிவிடுதற்கு முன்னர் ஓர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். மூட்டினுள் சென்ற முறிவைத் தொடக்கத்திலேயே கண்டு, குழிந்ததை உயர்த்தி, காலை நேராக்கிவிட்டால், பதினைந்து இருபது ஆண்டுகளின் பின் வரவிருக்கும் நோவிற் பெரும்பகுதியை அப்போதே தடுத்தல் கூடும். செயற்கை மூட்டு எத்துணைச் சிறந்ததாயினும், இயற்கை தந்த மூட்டுக்கு அது ஈடாகாது. எஞ்சியிருக்கும் நலமான பகுதியைக் காத்துக்கொள்வதே நோயாளிக்கும் வைத்தியருக்கும் முதற் கடமையாகும்.